வராதவர்களை நம்பி ஒரு பனிக்கூடம்

சீசன் பாஸ் விற்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான்: வாங்கினவர்கள் மகராசராக இருக்கட்டும், ஆனால் வராமல் இருக்கட்டும்.

ஜிம், நீச்சல் குளம் என்று எதற்காவது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பாஸ் கொடுத்திருந்தால், இதைப் படிக்கும்போதே தலையாட்டுவீர்கள். நான் விற்றது பனிக்கு. அதுவும் தூத்துக்குடியில். சிரிக்காதீர்கள். எங்கள் அண்ணாச்சி இறால் வைக்கக் கட்டிய குளிர்கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த அவர் மருமகன், அங்கே பனிமலையில் சறுக்கி விளையாட, ஒருதரம் காசு கட்டினால் சீசன் முழுக்க வந்துபோகிற மாதிரி சீசன் பாஸ் விற்கிறார்கள், வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, லாபமே அதுதான் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். அண்ணாச்சிக்கு அது போதாதா? மெஷின் வைத்துப் பனி கொட்டினார். சின்னதாக ஒரு சறுக்குமேடு கட்டினார். கோட்டும் பூட்ஸும் வாங்கிப் போட்டு, தீபாவளிக்குத் திறந்தேவிட்டார். பனிமய மாதா கோயில் இருக்கிற ஊரில் பனி ஓடாமல் வேறெங்கே ஓடும் என்று என்னிடம் கேட்டார். கேட்கிறவர் முதலாளி. நான் என்ன சொல்ல?

என் கவலை வேறு. அதற்கு முன்னால் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றே என் பாதி ஆயுசு போயிற்று. கால் நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. இந்த வேலையில்தான் முதன்முதலாக எனக்கென்று ஒரு நாற்காலி கிடைத்தது. பாஸ் கைகொடுத்தால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் மே மாதத்தோடு கூடத்தை மூடிவிடுவேன் என்று அண்ணாச்சி முதல் நாளே சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஆள் வரும்போதும் கோட்டைத் துவைக்க வேண்டும், மிதித்துக் கரைத்த பனியை மறுபடி கொட்ட வேண்டும், கரண்ட் பில் தனி. அதனால் பாஸ்காரர் ஒருத்தர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாலே நான் கோட்டுக்கும் பனிக்கும் கரண்டுக்கும் மனசுக்குள் செலவுக் கணக்கு எழுத ஆரம்பித்துவிடுவேன்.

உப்பளத்துக்காரர்

முதல் வாரம் உப்பளம் வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் பாஸ் எடுக்கலாம் என்று நானே அழைத்துப்போனேன். குளிரில் என் பல் தந்தியடிக்கிறது, அவரோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்த வெள்ளைக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். சரக்கு எடுக்க வந்த வியாபாரி கெட்டார். கடைசியில் குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கைப்பழக்கம், அவரைக் குறை சொல்ல முடியாது. கரிக்கவில்லை என்றதும் முகம் சுண்டிப்போயிற்று.

இதைவிடப் பெரிய குவியல் எங்கள் அளத்தில் கிடக்கிறது, காலையும் சாயங்காலமும் சும்மாவே பார்க்கிறேன், இதற்கு எவனாவது காசு கொடுப்பானா என்று ஆரம்பித்துவிட்டார். அதற்குள் அந்த அம்மா பனியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, புருஷனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னது: "உங்க உப்புல உருண்டா உடம்பு எரியும். இதுல எரியாதுல்லா? பேசாம பாஸை எடுங்க."

சூசை மாமா

பாஸ் வாங்கினால் லாபமா என்று கேட்காத ஆள் கிடையாது. அதைக் கணக்குப் போட்டே என்னைக் கொன்றவர் சூசை மாமா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாஸ் விலையை வந்த நாட்களால் வகுத்தால் ஒரு தடவைக்கு எவ்வளவு விழுகிறது என்பதுதான் அவருக்கு விளையாட்டு. சறுக்குமேட்டுப் பக்கம்கூடப் போகமாட்டார். கோட்டை மாட்டிக்கொண்டு, ஓரத்தில் ஸ்டூல் போட்டு, பேப்பர் படித்துவிட்டு, மூக்கு சிவந்ததும் கிளம்பிவிடுவார். தினமும் வருவார்; ஞாயிற்றுக்கிழமை என்றால் மாதா கோயில் பூசை முடிந்து நேரே இங்கேதான். போகும்போது கண்ணாடியைத் தட்டி அன்றைய நிலவரம் சொல்லாமல் போகமாட்டார். முதலில் கோழிப் பிரியாணி விலை. அப்புறம் ரெண்டு பரோட்டா விலை. ஒருநாள் முகமெல்லாம் பல்லாக, இன்றைக்கு ஒரு உளுந்த வடை விலைக்கு வந்துவிட்டதாகவும், பொங்கலுக்குள் வெற்றிலை பாக்கு விலைக்கு இறக்கிவிடுவதாகவும் அறிவித்தார்.

இப்படி ஒருவர் வந்தால் போதும், நான் பழையபடி சேலை பிரித்துப் போடப் போக வேண்டியதுதான். மனிதருக்கு ஒரு ஜலதோஷம்கூடப் பிடிக்காதா என்று ஆத்திரத்தில் நினைத்தேன். பிடித்தது. தும்மிக்கொண்டே வந்தார், இருமிக்கொண்டே போனார், வருவதை மட்டும் நிறுத்தவில்லை. கடைசியில் அவர் மனைவியே கவுன்ட்டருக்கு வந்து என்னிடம் நியாயம் கேட்டார்: "இவரு இங்க மிச்சம் புடிச்ச காசு பூராவும் மருந்துக் கடைக்குத்தான் போவுது. அந்தக் கடையில பாஸ் கீஸ் உண்டுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

மழை நாள்

வடகிழக்கு மழை கொட்டி ஊரே குளமானபோது, ஆண்டவரே, இன்றைக்காவது ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தேன். நம்ம ஊர் ஆட்கள் காசு கொடுத்த பொருளை விடுவார்களா? பாஸை பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, முட்டளவு தண்ணீரில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். எங்கள் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதால், திறந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாராம். இந்த மழையில் இது தேவையா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் கால்சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "வீட்டுக்குள்ளயும் தண்ணி, தெருவுலயும் தண்ணி. இங்கன ஒரு எடத்துலதான் அது கட்டியாக் கெடக்கு. செத்த நேரம் காலை ஊனி நின்னுட்டுப் போறோம்."

வராத மகராசன்

இத்தனைக்கும் நடுவில் ஒரு தெய்வப்பிறவி இருந்தார். லாரி செட் வைத்திருப்பவர். பெஞ்சாதி, பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று எல்லாருக்கும் பாஸ் எடுத்தார். எடுத்ததோடு சரி, ஆளையே காணோம். மருமகன் சொன்ன பாதிப் பேரில் எங்களுக்கு வாய்த்தது இந்த ஒருவர்தான். அவர் பெயரைச் சொல்லும்போதே அண்ணாச்சி எழுந்து நின்றுவிடுவார். இப்படி ஒரு மனுஷனைச் சும்மா விடக்கூடாது, கிறிஸ்துமஸுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றார். வேண்டாம் அண்ணாச்சி, உறங்குகிற ஆளைத் தட்டி எழுப்பின கதையாகிவிடும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! ஒரு பெரிய டப்பா நிறைய முந்திரி மக்ரூனும், பனிக்கூடத்தாரின் அன்பு என்று ஒரு வாழ்த்து அட்டையும் என் கையாலேயே அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு வேன் நிற்கிறது. முதலில் மாமியார் இறங்கினார், அப்புறம் மாமனார். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து மூன்று நாளைக்கு ஒருதரம் அந்த வேன் வந்துகொண்டே இருந்தது. அந்த முதல் நாள், லாரி செட்காரர் காலி மக்ரூன் டப்பாவைத் திருப்பித் தந்துவிட்டு, மனசார என்னைக் கும்பிட்டுச் சொன்னது இது: "சுத்தமா மறந்தே போச்சு தாயி. நல்லவேளை, ஞாபகப்படுத்துனிய!"

சீலா

சித்திரை வந்தது. மே முடிகிற வரைக்கும் தாங்காது, இந்த மாதத்தோடு மூடிவிடலாம் என்று இருக்கிறேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். ஜவுளிக்கடைக்கு போன் போட்டு ஆள் வேண்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். வா என்றார்கள். அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அந்த வாரம் கோவில்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் டிக்கெட் எடுத்து உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் அலறல். ஓடினேன். பனியுருண்டை பிடிக்க மூலையில் தோண்டிய அந்தச் சின்னப் பிள்ளையின் கையில் ஒரு வால். இழுத்தால் முழு சீலா மீன், ஒரு கை நீளத்துக்கு. பக்கத்தில் தோண்டினால் இன்னொன்று. நான் அவசரமாகப் பனியை அள்ளிப் போட்டு மூடப் பார்த்தேன். பிள்ளையின் அப்பாவோ மீனைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "இதும் டிக்கெட்டுலயே சேர்ந்ததா மேடம்? பெங்குயின் எந்தப் பக்கம் இருக்கு?"

செல்வமேரி

யாருடைய வேலை என்று விசாரிக்கவே தேவையில்லை. மீன் விற்கிற செல்வமேரி மார்கழியில் பாஸ் எடுத்தவள். தினமும் விடியற்காலை ஏலம் முடிந்து, நாங்கள் திறந்ததும் கட்டைப்பையோடு உள்ளே போவாள். போன வேகத்தில் வெளியே வருவாள். மத்தியானம் மறுபடி வருவாள். பாவம், வெயிலில் அலைகிறவள், கொஞ்சம் குளிர்ச்சி தேடி வருகிறாள் என்று நான்கூட உருகியிருக்கிறேன். மூதேவி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அண்ணாச்சி வந்தார். செல்வமேரியும் வந்தாள். நான் ரெண்டு பேருக்கும் நடுவில், அந்த மாதச் சம்பளமாவது கைக்கு வருமா என்று நின்றேன். அவள் துளியும் பயப்படவில்லை. விசைப்படகு கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் நாட்டுப்படகில் வருகிற மீனுக்கு என்ன விலை தெரியுமா, ஐஸ் வாங்கிக் கட்டுபடியாகிறதா, பாஸில் பை கொண்டுபோகக்கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று அடுக்கினாள். அண்ணாச்சி மீனைக் கையில் எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறந்ததிலிருந்து மீன் வியாபாரம் பார்க்கிற மனுஷர் அல்லவா. பனியைப் பார்க்கும்போது ஒருநாளும் வராத வெளிச்சம் அந்த முகத்தில் வந்தது. உன்னை மாதிரி எத்தனை பேருக்கு இது வேண்டியிருக்கும் என்று மட்டும் அவளிடம் கேட்டார். செல்வமேரி சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கேக்கணுமா அண்ணாச்சி? நான் கதவைத் தொறந்து விட்டா சந்தையே உள்ள வந்துரும்."

மே மாதக் கடைசி

பாஸ் முடிகிற நாள் வரைக்கும் அண்ணாச்சி கூடத்தை மூடவில்லை. சூசை மாமா இருக்கிறாரே, விடுவாரா? கடைசி நாள் சாயங்காலம், ஒரு கொட்டைப்பாக்கு விலைக்கு இறக்கிவிட்டதாகச் சொல்லி, எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் ஆட்கள் வந்து சறுக்குமேட்டை உடைத்தார்கள். மீன் வைக்கச் சுவரோரம் தட்டடுக்கு அடித்தார்கள். தட்டுக்கு ஒரு பாஸ், சந்தைப் பெண்களுக்கு. கோட்டும் பூட்ஸும் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. நான் என் சாப்பாட்டுப் பையை எடுத்து வைத்துக்கொண்டு, கேட்கவும் பயந்து, கேட்காமல் இருக்கவும் முடியாமல், என் கதை என்ன அண்ணாச்சி என்றேன். அவர் தட்டுகளைத் தட்டிப் பார்ப்பதை நிறுத்தாமலேயே சொன்னார்: "ஏம்மா, மீனு தானாவா கதவைத் தொறந்துக்கிட்டு வரும்? நாற்காலியைக் கொஞ்சம் அங்கன தள்ளிப் போட்டுக்கோ, ஈரம் படாம."

சீசன் பாஸ் லாபமா என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் மீனாக இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம்.