துருப்பிடித்த புஷ்ஷும் நான் போட்ட கீறலும்

எழுபதுகளின் நடுவில் பதுளையில் ஒரு சிறிய கராஜில் மெக்கானிக்காக இருந்தேன். அங்கே மெக்கானிக்கை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். லுணுகலையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் தன் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்து விட்டார். பின்பக்க ஸ்பிரிங் புஷ் தேய்ந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தூக்கிப் போட்டது. வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்ட மனைவியை வியாழன்தோறும் அதில்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்.

"வழியெல்லாம் பல்லக் கடிச்சிக்கிட்டு வாறா, பாஸ். பார்த்துக்கிட்டு ஓட்ட ஏலாது. வியாழக்கிழமைக்குள்ள செஞ்சி தாங்க."

புஷ் என்பது ரப்பர் அடைத்த இரும்புக் குழாய். ஸ்பிரிங் தகட்டின் முனையிலுள்ள வளையத்துக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். இதுவோ துருவேறி வளையத்தோடு ஒன்றாகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டேன். சுத்தியலால் அடித்தேன். அசையவில்லை. ரப்பரைக் கொளுத்தி எடுத்தேன். அந்த நாற்றம் துவைத்த பிறகும் சட்டையை விட்டுப் போகவில்லை. மிஞ்சிய குழாயை உள்ளிருந்து இரும்பறுக்கும் பிளேடால் நீளவாக்கில் அறுத்தால் சுருங்கிக் கழன்றுவிடும். வண்டியின் ஒரு பக்கம் அப்படித்தான் வந்தது. மறுபக்கம் அவசரப்பட்டேன். குழாய் கழன்றபோது வளையத்திலேயே ஆழமாக ஒரு கீறல் விழுந்திருந்தது.

புது புஷ்ஷை அடித்து ஏற்றிவிட்டால் யார் கண்ணுக்கும் படாது. கையில் எடுத்தும்விட்டேன். பாரம் ஏறினால் கீறலிலிருந்து வளையம் பிளந்துவிடலாம்; லுணுகலைப் பாதையின் மலை வளைவுகள் நினைவுக்கு வந்தன. கீழே வைத்துவிட்டேன்.

புதன்கிழமை மாலை துணிக்கடை முதலாளி வந்ததும் சொன்னேன். "என் பிழைதாங்க. இந்தத் தகட்ட நம்பி ஓட்டக்கூடாது. வேற தேடணும்."

கீறலை விரலால் தடவிப் பார்த்தார். "அப்ப நாளைக்கு பஸ்ஸிலதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா ஒவ்வொரு படியாக இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. முதலாளி, "இவர்தான் அந்த பாஸ்" என்றார்.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா நான் இன்னைக்கு அந்தத் தகட்ட நம்பி பிக்கப்பிலதானே வந்திருப்பேன்" என்றார் அந்த அம்மா. "போய் வேலையப் பாருங்க."

அன்றே பண்டாரவளைக்குப் போய், உடைக்கப் போட்டிருந்த வண்டியொன்றிலிருந்து தகடு கழற்றி வந்து பூட்டினேன். அடுத்த வியாழன் பிக்கப் கராஜ் வாசலில் நின்றது. ஜன்னல் வழியே அந்த அம்மா தலையை நீட்டினார்.

"வலி இருக்குதான், பாஸ். ஆனா பாதி வழி, பசறையில இருந்து இங்க வரைக்கும் நல்லாத் தூங்கிட்டேன்."