பழுக்காத கண்

மேசை இழுப்பறையில் ஒரு தகர டப்பா, அதில் ஒரு மூக்குக்கண்ணாடி. ஊரே சோடாபுட்டி என்று கேலி செய்த வகை. காதுப்பிடி ஒன்று உடைந்து, அந்த இடத்தில் கறுப்பு நூல் கட்டியிருக்கிறது. போன மாதம் எனக்குக் கண்புரை அறுவை முடிந்து வீடு வந்த மறுநாள், சொட்டு மருந்தை வைக்க இடம் தேடியபோது அது கைக்கு வந்தது. என் அத்தையின் கண்ணாடி.

அத்தை, அப்பாவின் அக்கா. திருப்பாச்சூர் பக்கம் எங்களுக்கு இருந்த நிலத்தில் நடவும் அறுப்பும் அவள் அதட்டலில்தான் நடக்கும். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டாள். அவளுக்கு ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. அப்பாவிடம் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். அதனால் அத்தையைத்தான் நச்சரிப்பேன், நான் அம்மா மாதிரி இருக்கிறேனா என்று. அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொயந்த மொகத்துல இன்னா தெரியும்? வளந்து மொகம் நெலைக்கட்டும், பாத்துச் சொல்றேன்" என்பாள். சீக்கிரம் வளர்ந்து தொலைக்க வேண்டும் என்று தவித்தேன்.

என் முகம் நிலைக்கத் தொடங்கிய வயதில் அவள் கண்கள் மங்கின. முதலில் அரிசியில் கல் தெரியவில்லை. பிறகு விளக்கைச் சுற்றிப் புகையாக இருக்கிறது என்றாள். அப்புறம் எதிரே நிற்பது யார் என்பதே குரல் கேட்டால்தான் தெரிந்தது. அறுபதுகளின் கடைசி அது. திருவள்ளூரில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை. இன்னும் பழுக்கல. பழுத்ததும் மெட்ராஸ்ல எடுத்துடலாம்" என்றார். அந்நாளில் அப்படித்தான். புரை நன்றாக முற்றும்வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

பழுப்பது என்றால் அத்தைக்குத் தெரிந்தது வாழைத்தார். மறுநாள் மத்தியானம் துணியை மடித்துக் கண்ணில் கட்டிக்கொண்டு, தலையோடு கம்பளியும் போர்த்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தாள். சித்திரை வெயில் வேறு.

"இன்னா அத்த இது?"

"மூடி வெச்சாத்தானடி பழுக்கும். தார சாக்குப் போட்டு மூடறோமில்ல?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சிரி, சிரி. உன் மொகத்தப் பாக்கத்தான் இவ்ளோ பேஜாரும்" என்றாள். என் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று முதல் நானே துணியைக் கட்டிவிட்டேன். அடுத்த முறை போனபோது இதைக் கேட்ட டாக்டர் சிரிக்கவில்லை. "கண்ண மூடாதீங்கம்மா. இருக்கிற பார்வைல பாத்துக்கினு இருங்க" என்றார்.

ஒரு கண் பழுக்க மூன்று வருடம் ஆயிற்று. எனக்குப் பதினாறு வயது. அப்பாவும் நானும் அவளை ரயிலில் மெட்ராசுக்குக் கூட்டிப்போனோம். புரையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கவைத்தார்கள். தலையை அசைக்கக் கூடாது, இருமக் கூடாது. ஒரு நாளும் சும்மா இருந்தறியாதவள் மல்லாந்தே கிடந்தாள். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன். எடுத்த இடத்தில் வைக்க அந்நாளில் லென்ஸ் எதுவும் கிடையாது. புண் ஆறிய பிறகு இந்தத் தடிக் கண்ணாடிதான்.

அதைப் போட்டதும் முதலில் தன் புடவையைப் பார்த்து, "இது நீலமா? பழுப்புன்னு இல்ல நெனச்சிக்கினு கட்னேன்" என்றாள். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டாள். நான் இரட்டைச் சடை போட்டு, பொட்டு வைத்துத் தயாராக நின்றிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் மாட்டுக் கண்களைப் போலப் பெரிதாக இருந்தன. வெகுநேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள்.

"அப்டியே உங்கம்மாடி. மூக்கு, முழி, எல்லாம் அவதான்."

நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே இத்தனை காலம் ஓட்டினேன். கல்யாணத்தன்று, பிள்ளை பெற்று வந்த அன்று, அத்தை இறந்த செய்தி வந்த அன்றுகூட, நிலைக்கண்ணாடியில் அம்மாவைத்தான் பார்த்தேன்.

இப்போது என் முறை. "பழுக்கணும்னு இப்பல்லாம் காத்திருக்கிறதில்லம்மா. உங்க வேலைக்குத் தொந்தரவா இருந்தா எடுத்துடலாம்" என்றார் டாக்டர். உள்ளே வைக்கும் லென்ஸ் தூரத்துக்கா, கிட்டத்துக்கா, இரண்டுக்குமா என்று கேட்டார். தூரத்துக்கு என்றேன், படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். சின்னதாக ஒரு கீறல், கால் மணி நேரம். சாப்பாட்டு வேளைக்கு வீட்டில் இருந்தேன். வழியெல்லாம் அத்தையின் மணல் மூட்டைகள்தான் நினைவில்.

மறுநாள் கண் மறைப்பை எடுத்துவிட்டு நிலைக்கண்ணாடி முன் நின்றேன். பல வருடமாக அதிலும் புகைதான் பார்த்திருந்தேன். இப்போது தெளிவாக அத்தை நின்றாள். அதே சரிந்த புருவம். சிரிக்காதபோதும் ஒரு பக்கம் தூக்கி நிற்கும் அதே மேலுதடு. அன்று எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அவள் என்னைப் பார்க்க வேண்டும் என்று தவித்தேன், நான் அவளைப் பார்க்கவே இல்லை.

அவளுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். பிள்ளை பெறாதவள். 'நீ என்னை மாதிரிடி' என்று சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டிருப்பாள். அந்த முகத்தை என் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

டப்பாவைத் திறந்து அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி நின்றேன். எல்லாம் கலங்கிப்போயிற்று. கழற்றிய பிறகும் வெகுநேரம் தெளியவில்லை.