இளங்கிடாக்கள் போகும் வழி

மான் எண்ணுவது பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போன்ற வேலைதான். என்ன, இங்கே யாரும் 'உள்ளேன் ஐயா' சொல்வதில்லை. டிக்கெட் எண்ணும் கண்டக்டர், மூட்டை எண்ணும் கிடங்குக்காரர் என்று எதையாவது எண்ணிப் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு புரியும். சரியாக எண்ணினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஒன்று குறைந்தால் டீக்கடைக்காரர் வரை கேட்பார்கள்.

நான் எட்டாவது வரை படித்தவன். வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடலோரப் புல்வெளியில் வெளிமான்களைக் காவல் காக்கும் வாட்சர் வேலை பார்த்தேன்.

ஒன்றும் குறையவில்லை

என் பொறுப்பில் இருந்தது மேற்குத் திடல். நாற்பத்தொரு மான்கள். ஒவ்வொரு கிடாவின் கொம்பு முறுக்கையும் நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்து இளங்கிடாக்களின் முதுகு கறுக்கத் தொடங்கினால், பெரிய கிடா அவற்றைத் திடலை விட்டே விரட்டும். அவை உப்பளத்து ஓரம் தனியாக நின்று முழிக்கும். நாய்கள் குதறிவிடுமே என்று எனக்கு மனசு கேட்காது. நானும், என்னோடு வேலை பார்த்த வேளாங்கண்ணிப் பக்கத்து அந்தோணியும் சுற்றிப் போய், துண்டை வீசி அவற்றைத் திரும்பக் கூட்டத்தில் சேர்ப்போம். கிழக்குத் திடலிலிருந்து ஏதாவது கிடா இந்தப் பக்கம் வந்தால், இரண்டு இடத்திலும் எண்ணிக்கையில் வந்துவிடக்கூடாது என்று அதை அங்கேயே துரத்திவிடுவோம். ஆறு வருஷம் இப்படிச் செய்தேன். என் எண்ணிக்கை பிசகியதே இல்லை.

ஒருநாள் சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டு ஓடிவந்த அந்தோணி சொன்னான்: "வீட்டை விட்டு ஓடுற பையனப் புடிச்சுக் குடுத்தா அப்பன் சந்தோஷப்படுவான்ணே. இந்த அப்பன் நம்மள முட்ட வர்றான், கவனிச்சீங்களா?"

பெண் போய்ப் பார்க்கும் இடம்

தொண்ணூறுகளின் கடைசியில், மான்களின் இனச்சேர்க்கையை ஆராய ஒரு அம்மா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார். கிழக்குத் திடலில் கிடாக்கள் அதிகம். ஆளுக்கொரு துண்டு நிலம் பிடித்து, நடுவில் புழுக்கை போட்டுக் குவித்து, தலையை நிமிர்த்தி நிற்கும். பெட்டைகள் ஒவ்வொரு இடமாக நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, பிடித்த இடத்தில் நிற்கும். பிடிக்காவிட்டால் அடுத்த துண்டு. மேற்கில் அந்த வழி இல்லை. அங்கே மொத்தத் திடலும் ஒரே கிடாவின் கையில்.

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் இதைப் பற்றி என்னிடம் கேட்டது. பெண்கள் முன்னால் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அந்த வீட்டம்மா கணவரிடம் சொன்னார்: "பாத்தீங்களா, இங்க பொண்ணுதான் போய்ப் பாத்துட்டு வேணாம்னு வருது. நான் உங்களுக்குக் காபி தட்டோட வந்து நின்னேன்."

கணக்குப் பார்த்த அம்மா

ஆராய்ச்சிக்கு வந்த அம்மா மான் புழுக்கைகளைச் சின்னச் சின்ன சீசாக்களில் எடுத்துப் போனார். எந்தக் குட்டிக்கு எது தகப்பன் என்று அதிலிருந்தே சொல்லிவிடலாமாம். அடுத்த வருஷம் திரும்பி வந்து, முடிவுகளை என் நோட்டோடு ஒப்பிட்டார். மேற்குத் திடல் குட்டிகள் எல்லாம் ஒரே வம்சம். பழைய கிடாவுக்குப் பிறகு திடலைப் பிடித்தது, நான் திருப்பி ஓட்டிவந்த அதன் மகன். சேர்ந்தது கூடப் பிறந்தவற்றோடு. பிறந்த குட்டிகளில் பாதி எழுந்தே நிற்கவில்லை. எழுந்து நடக்காத குட்டி எண்ணிக்கையில் சேராது; ஒவ்வொன்றுக்கும் நான் 'பனி' என்று காரணம் மட்டும் எழுதியிருந்தேன்.

நம் பக்கத்தில் மாமன் மகளைக் கட்டுவதில்லையா என்று கேட்டேன். மாமன் மகள் வேறு, தங்கை வேறு என்றார். தங்கையோடு சேர்வதைத் தடுக்கத்தான் இளசுகள் ஊரைவிட்டுப் போகின்றன, அந்நியக் கிடாக்கள் வருகின்றன. நாம் இரண்டையும் மறித்துவிட்டோம் என்று விளக்கினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நோட்டை மூடிக் கையில் கொடுத்துச் சொன்னார்: "ஐயா, உங்க கணக்கு ரொம்பச் சரியா இருக்கு. இவ்வளவு சரியா இருந்திருக்கக் கூடாது."

இறால் பண்ணை வேலி

இனி விரட்டுவதில்லை என்று முடிவெடுத்த சமயத்தில் இரண்டு திடலுக்கும் நடுவில் இறால் பண்ணை வந்தது. குத்தாலத்துக்காரர் ஒருவர், குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர், சுற்றிலும் கம்பிவேலி போட்டார். துரத்தப்பட்ட ஒரு இளங்கிடா அந்த வேலி ஓரமாகவே இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் விலாவில் கம்பி குத்திய காயத்தோடு திரும்பிவந்தது. இந்த வேலி இப்படியே நின்றால் மேற்குக் கூட்டம் என் காலத்திலேயே அழிந்துவிடும் என்று தெரிந்துபோயிற்று.

நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவன். பண்ணை வாசல் வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். நான்காம் தடவை அந்தோணி என்னை உள்ளே தள்ளிவிட்டான். முதலாளி உட்காரச் சொன்னார். நோட்டை நீட்டினேன். செத்த குட்டிகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்டார். வடிகால் கரையில் எட்டு அடி போதும் என்றேன்; அளந்துவிட்டுத்தான் போயிருந்தேன். அந்த வழியாகத் திருடன் வந்தால் என்ன செய்வது என்றார். நோட்டை மறுபடி ஒரு தடவை புரட்டிவிட்டு அவரே சொன்னார்: "சரிங்க, கம்பிய எடுத்துடறேன். இறால் கொறஞ்சா நான் மானைக் கேக்க மாட்டேன், உங்களத்தான் கேப்பேன்."

புதிதாக ஒன்று

அந்த வருஷம் மூன்று இளங்கிடாக்கள் வடிகால் கரை வழியாகப் போயின. துண்டு தோளில்தான் இருந்தது; நான் அதைக் கையில் எடுக்கவில்லை. அவற்றில் ஒன்றை நாய்கள் கடித்துப் போட்டன. அதையும் எழுதினேன். என் நோட்டில் முதல் தடவையாக எண்ணிக்கை குறைந்தது. விளக்கம் கேட்ட அதிகாரிக்கு, 'இரண்டு வெளியூர் போயிருக்கின்றன, திரும்பா' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஏழு மாதம் ஒன்றும் வரவில்லை. தினமும் கரையில் குளம்படி தேடினேன். பிறகு ஒரு காலையில், என் நோட்டில் வரையாத அகலக் கொம்போடு ஒரு கிடா திடல் நடுவில் நின்றது. உள்ளூர்க் கிடா இரண்டு நாள் மோதிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அடுத்த பருவத்தில் பிறந்த குட்டிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் எழுந்து ஓடின. அந்தோணி வெகுநேரம் அந்தக் கிடாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "இவனுக்கு இந்த ஊர்ல ஒரு தங்கச்சியும் கெடயாதுண்ணே. எவ்வளவு நிம்மதியா நிக்கிறான் பாருங்க."

எண்ணிக்கை குறைவதற்கு மட்டுமல்ல, குறைய வேண்டிய நேரத்தில் குறையாமல் இருப்பதற்கும் பயப்பட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டேன். ஆனால் அதை எழுத அரசாங்கப் பதிவேட்டில் கட்டம் இல்லை.