மொட்டைத் தலையோடு சுகந்தியின் நிலத்துக்கு

திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்ட பெண்கள் அடுத்து நேராக வீட்டுக்குத்தான் போவார்கள். நான் சித்தூர் பஸ் ஏறினேன். 1983, மே மாதம். அந்த வருஷம் என் மகள் டைபாய்டில் கிடந்தபோது, பிழைத்தால் முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். வேண்டும்போது இருந்த தைரியம் கொடுக்கும்போது இல்லை. மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, மெட்ராஸ் ஆபீசில் ஒரு வாரம் லீவு சொன்னேன். அதற்குள் கொஞ்சமாவது முளைத்துவிடும் என்று ஒரு நப்பாசை!

ஒளிந்துகொள்ள எனக்குத் தெரிந்த ஒரே இடம் சுகந்தி வீடு. கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறை. தினமும் காலையில் அவள் எனக்குப் பின்னல் போடுவாள், நான் அவளுக்குப் போடுவேன். அந்தத் தலையை இந்தக் கோலத்தில் அவளிடம் மட்டும்தான் காட்ட முடியும் என்று தோன்றியது.

மெட்ராஸிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் நாலு மணி நேரம், பன்னிரண்டு ரூபாய் என்று நினைவு. அலிபிரியில் விடியும் முன் ஏறத் தொடங்கினேன். ஒன்பது கிலோமீட்டர்தான், ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து போனதில் மலை சேர மதியமாகிவிட்டது. முடி கொடுத்து, தரிசனம் முடித்து, லட்டு வாங்கிக்கொண்டு மறுநாள் இறங்கினேன். திருப்பதியிலிருந்து சித்தூர் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். நான் ஜன்னலோரம் உட்காரப் போனேன்.

கண்டக்டர் தடுத்தார். "அந்தாண்ட வேணாம்மா. வெயிலு நேரா மண்டைல எறங்கும். இந்தாண்ட குந்து."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல மனுஷர், சந்தனம் காய்ந்த தலைக்கு நிழல் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சித்தூரிலிருந்து வேலூர் ரோட்டில் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். முன்பே கடிதம் போட்டிருந்தேன். இறங்கினால் சுகந்தி, சைக்கிளோடு. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு வேல மிச்சம். இனிமே உனக்குப் பின்னல் போட வேணாம்" என்றாள். அவ்வளவுதான், என் வெட்கம் போன இடம் தெரியவில்லை.

சுகந்தி விவசாயி ஆவாள் என்று விடுதியில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். விடுதி நாடகத்தில் ராணி வேஷம் அவளுக்குத்தான். ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஆள் தேடுவாள். பிறகு மெட்ராஸில் பாங்க் வேலை. அவள் நைனா, அதாவது அப்பா, மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய தாத்தா அந்த ஊரில் அடுத்தவன் நிலத்தில் கூலி செய்தவர், மிஷன் காலத்தில் கிறிஸ்தவரானவர். நைனாதான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மூன்று ஏக்கர் வாங்கினார். அவர் போனதும் நிலத்தை விற்கத்தான் சுகந்தி வந்தாள். வந்த இடத்தில் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். யூரியா போட்டுப் போட்டு ஓடு மாதிரி இறுகிக் கிடந்ததாம். "நைனாவ அந்த நெலையில பாத்த மாதிரி இருந்துச்சு. எப்டி விக்கிறது?" என்றாள்.

மூட்டை உரத்தை நிறுத்தினாள். புங்க இலையும் சாணியும் போட்டாள். போன வருஷம் கடலை பாதிகூட வரவில்லை. பம்பாயிலிருந்த அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்த வருஷமும் இப்படி என்றால் நிலம் மாம்பழக்கூழ் வியாபாரிக்குக் குத்தகை. மழைக்கு முன் நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டால்தான் தப்பிக்கலாம். மந்தையை ராத்திரியில் வயலிலேயே அடைத்து வைப்பார்கள், புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம்.

ஆனால் அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கிடை பேசும் அன்று நிலத்துக்காரர் வீட்டில் கை நனைக்க வேண்டும். சாப்பிடாத வீட்டு நிலத்தில் மந்தை இறங்காது. போன வருஷம் மந்தைக்காரர் எல்லப்பா, ஆட்டுக்குச் சீக்கு என்று சொல்லிப் போய்விட்டார். சுகந்தி வீட்டில் சாப்பிடமாட்டேன் என்பதற்கு அது மரியாதையான பெயர்.

நான் போன மறுநாள் சாயங்காலம் அவர் வந்தார். படலுக்கு வெளியிலேயே நின்றார்.

"டைம் லேதும்மா. அந்தாண்ட நெலத்துல வேல கீது."

"சரி, சாப்ட்டுட்டுப் போயேன் எல்லப்பா. களி கிண்டிக்கிறேன்."

"வவுறு ரொம்பிக்கிதும்மா."

காலையிலிருந்து வெயிலில் அலைந்த முகம். பொய் என்று குழந்தைக்கும் தெரியும்.   

எனக்கோ பசி. தட்டில் களியும் கடலைத் துவையலும் வைத்துக்கொண்டு தின்றபடியே வெளியே வந்தேன். முந்தானை நழுவிவிட்டது. எல்லப்பா என் தலையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கொண்ட மேலேந்து வர்றியாம்மா?"

"ஆமாங்க, மலையிலேர்ந்துதான். லட்டு இருக்கு, இருங்க. சுகந்தி, என் கை எச்சில், நீ எடுத்துட்டு வா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. விடுதியில் வருஷா வருஷம் நான் கொண்டுவரும் லட்டை அவள் தொட்டதே இல்லை. படைத்ததைச் சாப்பிடுவது அவர்கள் சபையில் வழக்கமில்லை. ஆனால் உள்ளே போய் எடுத்து வந்து, படலைத் திறந்து நீட்டினாள்.

"நான் இத துன்ன மாட்டேன் எல்லப்பா. உனக்குக் குடுக்குறதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

பிரசாதம். யார் கையால் வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது. வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டார். சுகந்தியைப் பார்த்தார். களியை விழுங்கிக்கொண்டிருந்த என்னையும் பார்த்தார்.

"சாமிக்கு முடி குடுத்த அம்மாவே துன்னுக்கினு கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஒரு உருண்ட வையிம்மா."

மூன்று உருண்டை சாப்பிட்டார். மறுநாளே மந்தை இறங்கியது. சொல்வதற்கென்ன, அன்று நான் உள்ளே போய் அழுதேன். மகளுக்காகக் கொடுத்த முடி தோழிக்கும் உதவியதே என்ற நன்றியில் வந்த அழுகை. என் தலை இல்லாமலே அவள் களிக்கு அந்த மரியாதை கிடைத்திருக்க வேண்டும் என்ற கோபமும் அதில் இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் மலை, பிறகு சித்தூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைக்கு ஒரு பருத்தித் துண்டு அவசியம். மே மாதம் வேண்டவே வேண்டாம். களியை மெல்லாதீர்கள், அப்படியே விழுங்குங்கள்.

அடுத்த வருஷம் மெட்ராஸில் நடந்த விடுதித் தோழிகள் கூட்டத்துக்கு சுகந்தி ஒரு மூட்டை கடலையோடு வந்தாள். அண்ணன் குத்தகைப் பேச்சையே விட்டுவிட்டாராம். எல்லப்பா இந்த முறை கூப்பிடாமலே வந்தாராம். படலைத் தானே திறந்துகொண்டு உள்ளே வந்து, "மொட்டம்மா வரலியா?" என்று கேட்டாராம்.

வரவில்லை என்றிருக்கிறாள்.

"சரி, களி ஆறிப்போவுது, போடும்மா" என்று உட்கார்ந்துவிட்டாராம்.