இசெலா எழுதிய என் அம்மாவின் சாவு

இசெலா பாரியெந்தோஸ் பதினெட்டு வருஷம் தொலைக்காட்சியில் வேலைக்காரியாக நடித்தாள். நானும்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் எங்கள் நிறத்துப் பெண்களுக்கு அப்போது இருந்தவை இரண்டே வேடங்கள்: தரை துடைப்பவள், பிள்ளையைப் பறிகொடுத்து அழுபவள். நடிகர் தேர்வு எங்கே நடந்தாலும் நாங்கள் இருவரும் ஒரே வேடத்துக்குப் போய் நிற்போம். முடிந்ததும் அவள் காரில் உட்கார்ந்து, தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை தின்போம்.

அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். ஸ்பானிஷைவிட இங்கிலீஷ்தான் நன்றாக வரும். இயக்குநர்களோ, "இங்கிலீஷை இன்னும் கொஞ்சம் தத்துபித்துன்னு பேசும்மா" என்பார்கள். ஒருமுறை தன் வேலைக்காரி வேடத்துக்கு அவளே ஒரு வசனம் சேர்த்துப் பேசினாள். படப்பிடிப்புத் தளமே சிரித்தது. வசனத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள்; பாராட்டு எழுத்தாளருக்குப் போனது.

"அழுதது போதும் தெல்ஃபினா," என்றாள் அன்று. "இனிமே அழறவங்களுக்கு நான் எழுதப்போறேன்டி."

நாற்பத்தொரு வயதில் ஒரு தொடரின் எழுத்தாளர் குழுவில் குறிப்பெடுக்கச் சேர்ந்தாள். தன் வயதில் பாதிகூட இல்லாதவர்களுக்குச் சாப்பாடு வரவழைத்துக் கொடுத்தே நாலு வருஷத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டாள். பிறகு ஒரு சேனல் அவளைச் சொந்தமாக ஒரு தொடர் எழுதித் தயாரிக்கச் சொன்னது. வலிக்கிற கதையாக வேண்டும் என்றார்கள்.

என் கதையைக் கொடுத்தாள்.

அதற்குச் சில வருஷம் முன்பு மெக்சிகோவில், சகாத்தேகாஸில், என் அம்மா சாகக் கிடந்தாள். தங்கை ஒப்துலியா நாலு தடவை போன் செய்தாள். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு நடிகர் தேர்வு: தாயின் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அழும் மகள். விமான டிக்கெட் கிடைக்கவில்லை என்று தங்கையிடம் பொய் சொல்லிவிட்டுத் தேர்வுக்குப் போனேன். நன்றாக அழுதேன். வேடம் கிடைத்தது. வெளியே வந்து போனைப் பார்த்தால், அம்மா போய்விட்டிருந்தாள். இதை நான் ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தேன், அந்தக் காரில் வைத்து.

தேர்வுக்கு வரச்சொல்லி இசெலா எனக்கு வசனத்தாள் அனுப்பியபோதுதான் தெரிந்தது.

"இது என் கதைடி."

"உன் கதைதான். அதான் உன்னையே நடிக்கக் கூப்பிடறேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டிருந்தா வேணாம்னிருப்ப."

போனேன். இத்தனை வருஷத்தில் பெயருள்ள ஒரு வேடம் அதுதான் முதல். மேசைக்குப் பின்னால் நாலு பேர், நடுவில் இசெலா. ஆறு தடவை அழவைத்தார்கள். ஆறாவது முடிந்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"வலி தெரியல தெல்ஃபினா. நிஜமா நடந்த மாதிரி இல்ல."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். வேடம் மயாமியிலிருந்து வந்த ஒரு இளையவளுக்குப் போனது. "சேனல் முடிவு, என் கையில எதுவும் இல்ல," என்றாள் இசெலா. எனக்கு ஆஸ்பத்திரித் தரை துடைப்பவள் வேடம், இரண்டு வசனம். ஒத்துக்கொண்டேன். அந்த வருஷம் வேறு வேலை இல்லை; வேலை இல்லாவிட்டால் நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். ஒப்பனை அறையில் மயாமிக்காரி கள்ளமில்லாமல் சொன்னாள்: "சேனல்ல உங்களைத்தான் கேட்டாங்களாம். இசெலாதான் எனக்காகச் சண்டை போட்டாங்க."

தொடர் சகாத்தேகாஸிலும் ஓடியது. ஒப்துலியா பார்த்தாள். ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: "டிக்கெட் கிடைக்கலன்னு சொன்னியே." அதன்பின் என் அழைப்பை எடுக்கவில்லை.

இசெலாவுக்கு விருது கிடைத்தது. மேடையில் நின்று, குரலற்ற பெண்களுக்கு நன்றி சொன்னாள். கண் கலங்கியது, அதில் அவள் எப்போதுமே கெட்டிக்காரி.

மூன்றாம் வருஷம் தொடரை நிறுத்திவிட்டார்கள். புதிதாக அவள் கொண்டுபோன எதையும் யாரும் வாங்கவில்லை. போன மாதம் கூப்பிட்டாள்.

"தங்கச்சி பேசறாளா?"

"இல்ல."

"கடைசியா என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. நான் சொன்னேன். நான் சொல்வதைக் கேட்க எனக்கும் வேறு ஆள் இல்லை.