சிவப்புப் பென்சில் படாத படங்கள்

திருச்சிக்கு வெளியே புதிதாக வந்திருந்த இயந்திரத் தொழிற்சாலையில் நான் இயந்திரப் பாகங்களின் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த அறுபதுகளில், நிர்வாகத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஊழியர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. தேவையும் இல்லை. மாலையில் ஸ்ரீரங்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் போதும். காவிரிப் பாலம் வருவதற்குள் மேலதிகாரிகளில் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார்.

அந்தப் பேச்சில் எனக்கு மட்டும் இடமில்லை. எனக்குக் குறையே கிடையாது. அதுதான் என் பெருங்குறை.

எங்கள் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் எல்லோருடைய படங்களையும் சிவப்புப் பென்சிலால் திருத்துவார். எனக்குப் பக்கத்து டிராயிங் போர்டுக்காரரின் படம் அவர் மேஜையிலிருந்து திரும்பும்போது வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருக்கும். என்னுடையது ஒரு கையெழுத்தோடு போன மேனிக்கே திரும்பும். கொஞ்ச காலம் கர்வப்பட்டேன். பிறகுதான் கவனித்தேன். பக்கத்து போர்டில் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்குவார். சில நாள் கான்டீனிலிருந்து காபிகூட வரும், இரண்டு பேருக்கு. என்னைக் கடக்கும்போது தூணைக் கடப்பது போலக் கடந்துவிடுவார்.

"மனுஷன் என்னைப் பிழிஞ்சு எடுக்கிறார் சார்," என்று பக்கத்து போர்டுக்காரர் பஸ்ஸில் அலுத்துக்கொள்வார். "உங்களுக்கென்ன, நிம்மதி."

பொங்கலில் நெய் அதிகம் என்று ஒருவன் புலம்புவதைப் பசியோடு கேட்டுக்கொண்டிருப்பவன் நிலைமை என்னுடையது.

இப்படி இருக்கையில் சீனியர் பதவி ஒன்று காலியானது. அது எனக்குத்தான் என்று முடிவுகட்டி, என் மனைவி தென்னூரில் பெரிய வீடாக விசாரிக்கத் தொடங்கினாள். பதவி பக்கத்து போர்டுக்குப் போயிற்று.

கூப்பிடாமலே தலைமை டிராஃப்ட்ஸ்மேன் அறைக்குள் போனேன்.

"வாங்க, உட்காருங்க. என்ன விஷயம்?"

"என் வேலையில ஏதாவது குறையாங்க சார்?"

"உங்க படத்தை நான் பார்க்கிறதே இல்லையே. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடலாம். அவ்வளவு சுத்தம்."

"அப்ப அவருக்கு எப்படிங்க..."

குரலைத் தாழ்த்தினார். "அவர் வரைஞ்சதைத் திருத்தித் திருத்தி என் கண்ணே போச்சு. இனிமே அவர் கையில பென்சிலைக் கொடுக்க முடியாதுங்க. சீனியர்னா வரைய வேண்டாம், அடுத்தவங்க வரைஞ்சதைப் பார்த்தா போதும். உங்களையும் தூக்கி மேல வெச்சுட்டா யார் வரையறது, நீங்களே சொல்லுங்க."

இதற்கு எதிராக ஒரு வாதம் இருக்கத்தான் வேண்டும். எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் என் படம் புதிய சீனியரிடம் போய்த் திரும்பியது. சரியாகப் போட்டிருந்த அளவு ஒன்றைச் சுற்றிப் பெரிய சிவப்பு வட்டம். போய் நின்றேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க போட்டதே சரிதான் சார்," என்றார். "எதுக்கும் ஒரு சுழி போட்டு வெச்சேன்."

அன்று மாலை பஸ்ஸில் நானும் வாயைத் திறந்தேன். இத்தனை காலம் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. எல்லோரும் திரும்பிக் கேட்டார்கள், சிரித்தார்கள், 'அப்புறம்' என்றார்கள். வழக்கமாகக் காலியாகவே போகும் அதிகாரிகளுக்கான முன்வரிசையில், ஜன்னலோரமாக, புதிய சீனியர் காவிரிக் காற்றில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

திருவானைக்காவல் தாண்டும்போதுதான் உறைத்தது. வழி முழுக்க நான் பேசியது அவரைப் பற்றி. பஸ் முழுக்கக் கேட்டதும் அவரைப் பற்றித்தான். அந்தப் பேச்சிலும் எனக்கு இடமில்லை.