நான் வாசிக்காத வரி

அப்பா பீரங்கிப் படையில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, இரண்டு காதும் மந்தமாகிச் சங்கரன்கோவிலுக்குத் திரும்பினார். பிறகு விசைத்தறிக்குப் போனார். படையில் காது கெட்டதற்கான ஊன ஓய்வூதியம் கேட்டு எழுதியபோது, அது தறிச் சத்தத்தால் வந்த குறை என்று மறுத்துவிட்டார்கள். அப்பா அப்பீல் போட்டார். தறிக்குப் போகும் முன்பே காது கேட்கவில்லை என்பது உறுதியானால் போதும் என்று மனு எழுதிக்கொடுத்தவர் சொல்லியிருந்தார்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் தெருவில் தறி ஓட்டுகிற எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். அதை யாரும் கேலி செய்வதில்லை. என்னிடம் மட்டும் என் வயசுப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "ஏட்டி, ஒங்கப்பா குண்டுச் சத்தத்துக்குப் பயந்து ஓடியாந்துட்டாராம்லா?"

அவள் என் வகுப்புதான். காது தறியில் போனது என்று சொல்லி வாயை அடைத்தேன்.

ஒரு சாயங்காலம் அப்பீல் விஷயமாக விசாரிக்க ஓர் அலுவலர் வந்தார். அப்பா டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுக்க உள்ளே போனார். அம்மா காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நானும் பக்கத்து வீட்டுக்காரியும் நின்றோம்.

"அப்பாவுக்கு எப்ப இருந்தும்மா காது கேக்கல?" என்றார் அலுவலர்.

நான் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்தேன்.

"தறிக்குப் போன பெறவுதான் சார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அப்பா புத்தகத்தோடு வந்து, வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவந்தார்.

சில மாதம் கழித்து உத்தரவு ஆங்கிலத்தில் வந்தது. நான் இங்கிலீஷ் மீடியம். அப்பா தாளை என்னிடம் நீட்டினார்.

"சத்தமா வாசி மக்கா."

அவர் காதருகே கத்தி வாசித்தேன். அப்பீல் தள்ளுபடி. மூன்றாவது பத்தியில், தறி வேலைக்குப் பிறகே கேட்கும் திறன் போனதாக மனுதாரரின் மகளே கூறியிருக்கிறார் என்று ஒரு வரி. அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

"அம்புட்டுதானா மக்கா?"

"அம்புட்டுதான்ப்பா."

"சரி. மேல இன்னொரு அப்பீல் இருக்கு, போட்டுப் பாப்போம்" என்று தாளை வாங்கி மடித்தார்.

நான் விட்ட வரியின் அடியில் மெல்லிய பென்சில் கோடு ஒன்றை வாசிக்கும்போதே பார்த்திருந்தேன். ஆபீசில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எந்த ஆபீசும் உத்தரவில் பென்சில் கோடு போட்டு அனுப்புவதில்லை என்பதோ, பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவருக்கு அவ்வளவு ஆங்கிலம் வாசிக்க வரும் என்பதோ அன்று எனக்குத் தோன்றவில்லை.